‘பேசித் தீத்துக்கலாம்’: யார் பேசுவது, யார் தீர்ப்பது? டெல்டாவில் குடும்பப் பஞ்சாயத்தின் வரலாறு

பேராவூரணி வட்டாரத்தில் குடும்பத் தகராறு என்று எது வந்தாலும் முதலில் காதில் விழும் வார்த்தை, ‘பேசித் தீத்துக்கலாம்’. புருஷன் பெண்டாட்டி சண்டை, அண்ணன் தம்பி பாகம், வயதான அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்ற வழக்கு, சாதி கடந்த காதல் என எல்லாவற்றுக்கும் இதே வார்த்தைதான். சொல்கிறவர்கள் மட்டும் மாறுவார்கள். ஒரு நாள் தெருப் பெரியவர், மறுநாள் கட்சிக்காரர், இன்னொரு நாள் காவல் நிலையத்து ஏட்டையா.

கூலிவேலை செய்யும் குடும்பத்துக்கு இந்த வார்த்தை பிடிக்காமல் இருக்காது. பேராவூரணியிலிருந்து பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வழியாகத் தஞ்சாவூர் குடும்பநல நீதிமன்றத்துக்குப் போய்த் திரும்பினால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். போன அன்று வாய்தா போட்டுவிட்டால் அதே செலவு மறுபடியும். வக்கீல் பீஸ், பஸ் கட்டணம், பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது என்ற கவலை வேறு. நீதிமன்றத்தில் ஒருவர் ஜெயித்தாலும் இரண்டு குடும்பமும் அதே தெருவில், அதே குழாயடியில்தான் வாழ வேண்டும். எனவே மோதாமல் பேசித் தீர்ப்பது என்பது நல்ல ஆசை. அதை நான் குறை சொல்லப் போவதில்லை.

ஆனால் இளம் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஆசைக்கு நம் மண்ணில் ஒரு வரலாறு இருக்கிறது. யார் வீட்டுத் திண்ணையில் பேச்சு நடந்தது, யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் நின்றார்கள், ‘எனக்குச் சம்மதமில்லை’ என்று சொல்லிவிட்டுப் பத்திரமாக வீடு திரும்ப யாரால் முடிந்தது என்று கேட்டுப் பார்த்தால்தான் அந்த வரலாறு தெரியும். அது தெரியாமல் ‘சமரசம்’ என்ற சொல்லைத் தூக்கிப் பிடிப்பதும் ஆபத்து, தூக்கி எறிவதும் ஆபத்து.

தொழுமரமும் பஞ்சாயத்தும் ஒரே ஆண்டில்

‘பஞ்சாயத்து என்பது நம் பாரம்பரியம், வெள்ளைக்காரன் வந்து நீதிமன்றத்தைக் கட்டி அதைக் கெடுத்துவிட்டான்’ என்று ஒரு கதை உண்டு. மதராஸ் மாகாணத்தின் சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

தாமஸ் மன்றோவின் முயற்சியால் 1816இல் வரிசையாகச் சில ஒழுங்குமுறைச் சட்டங்கள் வந்தன. அந்த ஆண்டின் 4ஆம் ஒழுங்குமுறை, கிராமத் தலைவரையே கிராம முன்சீப் ஆக்கி, சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் கொடுத்தது. 5ஆம் ஒழுங்குமுறை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் கிராமப் பஞ்சாயத்தில் வழக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்றது. ஆக, பஞ்சாயத்தைக் கம்பெனி ஆட்சி அழிக்கவில்லை. முடிந்தவரை சட்டத்துக்குள் கொண்டுவந்து, செலவில்லாத நீதிமன்றமாக வைத்துக்கொண்டது.

அதே 1816இன் 11ஆம் ஒழுங்குமுறையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சில்லறைத் தகராறுகளில் குற்றவாளி என்று கருதும் ஆளைச் சில மணி நேரம் சாவடியில் அடைத்து வைக்கலாம் என்று அது கிராமத் தலைவருக்கு அதிகாரம் தந்தது. ஆள் ‘தாழ்ந்த சாதி’ என்றால் தொழுமரத்தில் மாட்டலாம் என்றும் எழுதி வைத்தது. தொழுமரம் என்பது கால்களைத் துளைக்குள் நுழைத்துப் பூட்டி, ஊரார் பார்க்க உட்கார வைக்கும் மரச்சட்டம். இப்படி ஒரு கேவலமான தண்டனை எந்தச் சாதிக்குப் பொருந்தும் என்று சட்டமே பிரித்துச் சொன்னது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஊர்ச் சாவடியில் ஒரு சாதிக்காரர் ‘சம்மதித்து’ பஞ்சாயத்து பேச வரலாம். அதே சாவடியில் இன்னொரு சாதிக்காரரின் காலை மரத்தில் பூட்டலாம். அப்படிப்பட்ட இடத்தில் நம் மக்கள் கொடுத்த சம்மதத்துக்கு என்ன பொருள்?

தஞ்சை மாவட்டத்தில் பட்டாமணியார் என்று அழைக்கப்பட்ட இந்தக் கிராமத் தலைமை பரம்பரைப் பதவியாகவே நீடித்தது. சுதந்திரம் வந்து 33 ஆண்டுகள் கழித்து, 1980 நவம்பரில்தான் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. அதற்குப் பிறகே தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நம் அப்பா, தாத்தா காலம்வரை இந்த அமைப்பு உயிரோடு இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

சேரிக்குள் ஒரு நாட்டாண்மை, அதற்கு மேல் ஒரு திண்ணை

நம் மக்களுக்கென்று சொந்தப் பஞ்சாயத்து இல்லாமல் இல்லை. மானுடவியலாளர் கேத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தார். ‘கும்பாபேட்டை’ என்று புனைபெயர் கொடுத்து அவர் எழுதிய கிராமத்தில் பள்ளர் தெருக்களுக்கெனத் தனி நாட்டாண்மைகள் இருந்தார்கள். தெருக்கூட்டம் கூடும். தெருச் சண்டையையும் குடும்பச் சண்டையையும் அங்கேயே பேசுவார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு கடைசித் தீர்ப்பாக இருக்கவில்லை. பெரிய விவகாரம் என்றால் நிலம் வைத்திருந்த பிராமண மிராசுதார்கள் முன் போய் நிற்க வேண்டும். அவர்கள் சொல்வதுதான் முடிவு.

பண்ணையாளின் குடும்ப விவகாரத்தில் மிராசுதாருக்கு என்ன வேலை? பண்ணையாளின் கல்யாணத்துக்குக் கடன் கொடுத்தவர் அவர். குடியிருந்த மனை அவருடையது. பெண்ணும் ஆணும் பிள்ளையும் சேர்ந்துதான் அவருக்கு உழைப்பு. ஒரு பெண் புருஷனை விட்டுப் பிறந்த ஊருக்குப் போனால் அவருடைய நடவுக்கு ஓர் ஆள் குறையும். ஆகவே அவர் பேசிய ‘சமாதானத்தில்’ அவருடைய நெல்லும் கலந்திருந்தது.

அந்தச் சமாதானத்தை மீறினால் என்ன நடக்கும் என்பதைச் சவுக்கடி, சாணிப்பால் என்ற இரண்டு சொற்கள் சொல்லும். பி. சீனிவாசராவ் முதலிய தோழர்கள் கட்டிய விவசாயச் சங்கம் போராடி, 1944இல் மன்னார்குடிப் பக்கம் ஏற்பட்ட ஒப்பந்தத்தில்தான் இந்த இரண்டையும் நிறுத்துவதாக மிராசுதார்கள் ஒப்புக்கொண்டார்கள். 1952இல் தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இவற்றைக் கூலிப் போராட்ட வரலாறாக மட்டும் படிக்கிறோம். குடும்ப விவகாரத்தில் நம் வீட்டுக்குள் நீண்டிருந்த ஒரு கை விலகத் தொடங்கிய வரலாறும் இதுதான்.

பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பகுதி இந்தப் பழைய டெல்டாவிலிருந்து கொஞ்சம் மாறுபட்டது. 1934இல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாய்தான் இங்கே காவிரித் தண்ணீரைப் பரவலாகக் கொண்டுவந்தது. அக்ரகார மிராசு இங்கே அவ்வளவு பலமாக இல்லை. நிலம் பெரும்பாலும் இடைநிலைச் சாதிகளிடம் இருந்தது. அவர்களுக்கு நாட்டார் கூட்டம், அம்பலகாரர் என்று தங்கள் சாதிக்கான பஞ்சாயத்து அமைப்பு உண்டு. மேலே இருந்த திண்ணை அக்ரகாரத்துத் திண்ணையிலிருந்து அம்பலகாரர் வீட்டுத் திண்ணையாக மாறியது. நம்மவர்கள் அதற்கு வெளியே நின்றது மட்டும் மாறவில்லை.

அறுத்துக்கட்டும் உரிமை

இப்போது நம் தெருப் பஞ்சாயத்தின் நல்ல பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதை நாமே மறந்துவிட்டோம்.

‘அறுத்துக்கட்டுற சாதி’ என்று உழைக்கும் சாதிகளை மேல்சாதியினர் இழிவாகச் சொல்வது உண்டு. ஒத்துவராத மணவாழ்க்கையை முடித்துக்கொண்டு பெண் இன்னொரு வாழ்க்கையைத் தேடிக்கொள்ளலாம், கைம்பெண் மறுமணம் செய்துகொள்ளலாம் என்பதுதான் அந்த இழிவின் பொருள். தெருக்கூட்டத்தில் பேசுவார்கள், பரிசம் கொடுத்திருந்தால் திருப்பிக் கொடுப்பார்கள், தாலியைக் கழற்றிக் கொடுத்துத் தீர்த்துவிடுவார்கள். யாரும் யாரையும் குற்றவாளி என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இன்று ‘பரஸ்பர சம்மத விவாகரத்து’ என்று சட்டப் புத்தகம் சொல்வதற்கு நெருக்கமான ஒன்றை நம் பாட்டிமார்கள் தெருவிலேயே நடத்தியிருக்கிறார்கள்.

புரட்சியாளர் அம்பேத்கர் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை முன்வைத்து வாதாடியபோது இதைத்தான் சுட்டிக்காட்டினார். விவாகரத்து இந்து சமூகத்துக்குப் புதிது என்று கூச்சல் போட்டவர்களிடம், மிகப் பெரும்பான்மையினரான சூத்திர சாதிகளிடம் அது வழக்கமாகவே இருக்கிறது, சிறுபான்மையான மேல்சாதி வழக்கத்தை எல்லோருக்குமான தர்மம் என்று சொல்லாதீர்கள் என்று பதில் சொன்னார். மசோதா முடக்கப்பட்டது. 1951 செப்டம்பரில் அவர் அமைச்சர் பதவியைத் துறந்ததற்கான காரணங்களில் அதுவும் ஒன்று. பின்னர் அது துண்டு துண்டாக நிறைவேறியபோது, 1955இன் இந்து திருமணச் சட்டம் 29(2) பிரிவில் வழக்காற்று மணமுறிவை அங்கீகரித்து வைத்தது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, களத்தில் தினமும் பார்க்கலாம். முத்திரைத்தாளில் ‘விடுதலைப் பத்திரம்’ எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டால் மணமுறிவு ஆகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சாதியில், அந்தப் பகுதியில் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருந்ததை நீதிமன்றத்தில் சொல்லி நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் யமனாஜி ஜாதவ் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நிரூபிக்க முடியாவிட்டால் பத்திரம் வெறும் தாள். அதை நம்பி மறுமணம் செய்த பெண்ணுக்கு அந்த மணமும் செல்லாது, முதல் கணவரிடம் ஜீவனாம்சம் கேட்பதும் சிக்கலாகும். பத்திரம் எழுதிய பெரிய மனிதர் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்.

நம் தெருப் பஞ்சாயத்தின் இன்னொரு குறையையும் மறைக்கக் கூடாது. பெண்ணுக்கு வெளியேறும் வழி இருந்தது, ஆனால் அந்த வழியைப் பேசி முடிவு செய்தவர்கள் ஆண்கள். பெண்கள் ஓரமாக நின்று குரல் கொடுக்கலாம், நாட்டாண்மையாக முடியாது. அபராதம் போடுவது, காலில் விழச் சொல்வது, தள்ளி வைப்பது என்று ஊரிடம் கற்றதைச் சேரியும் செய்தது. ஊர்ப் பஞ்சாயத்தை விமர்சிக்கும் நாம் சேரிப் பஞ்சாயத்தை மட்டும் பொற்காலம் ஆக்கிவிட முடியாது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு அம்பேத்கர் கொடுத்த கடுமையான பதில் இதற்கும் பொருந்தும். குறுகிய இடத்தில் எல்லோரும் எல்லோரையும் அறிந்திருப்பது அன்பாகவும் மாறலாம், கண்காணிப்பாகவும் மாறலாம்.

அரசு கற்றுக்கொண்ட சமரசம்

1980களுக்குப் பிறகு அரசே மோதலற்ற வழிகளைச் சட்டமாக்கத் தொடங்கியது. மாணவர்கள் இந்த வரிசையைக் குறித்துக்கொள்வது நல்லது.

1984இன் குடும்ப நீதிமன்றச் சட்டம், வழக்கை நடத்தும் முன் இணக்கம் ஏற்பட முயற்சி செய்வது நீதிமன்றத்தின் கடமை என்றது (பிரிவு 9). வழக்கறிஞர் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கேட்க முடியாது என்றது (பிரிவு 13). நோக்கம் நல்லது, ஆனால் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவைப் படியுங்கள். திருமணம் என்ற அமைப்பைக் காப்பாற்றுவதில் ஈடுபாடு கொண்டவர்களையே நீதிபதியாகத் தேர்வு செய்ய முயல வேண்டும் என்கிறது. அடி வாங்கிய பெண் அந்த வாசலில் நுழையும்போதே, சேர்ந்து வாழ்வதை நோக்கித் தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

1987இல் இயற்றப்பட்ட சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன் 12ஆம் பிரிவு நமக்கு மிக முக்கியம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு, இதற்கு வருமான வரம்பு பார்க்கப்படுவதில்லை. ஒரு தலித் பெண்ணுக்கு இரண்டு காரணங்களால் இந்த உரிமை இருக்கிறது, ஆனாலும் நம் தெருக்களில் பலருக்குத் தெரியாது. வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ கேட்கலாம். இதே சட்டம்தான் மக்கள் நீதிமன்றத்தையும் அமைத்தது. அங்கே எழுதும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடக் கூடாத இடமும் அதுதான்.

2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தமிழ்நாடு சமரச தீர்வு மையம் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்து இந்தியாவில் அமைந்த முதல் சமரச மையம் அது. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். பிறகு மாவட்டங்களுக்கும் இது பரவியது. நாட்டாண்மைக்கும் சமரசருக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். நாட்டாண்மை தீர்ப்புச் சொல்வார், சமரசர் சொல்லக் கூடாது. இரு தரப்பையும் சேர்த்தும் தனித்தனியாகவும் கேட்பார். அங்கே பேசியதை வெளியே சொல்லக் கூடாது, வழக்கில் சாட்சியமாகவும் பயன்படுத்தக் கூடாது. உடன்பாடு வராவிட்டால் எந்த நஷ்டமும் இல்லாமல் வழக்குக்குத் திரும்பிவிடலாம். 2013இல் கே. சீனிவாச ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மணவாழ்க்கைத் தகராறுகளைக் குடும்ப நீதிமன்றங்கள் சமரசத்துக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டியது.

கடைசியாக 2023இன் சமரசச் சட்டம். இதில் ‘சமூக சமரசம்’ என்று ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. ஒரு பகுதியில் வசிப்பவர்கள், குடும்பங்கள் இடையே அமைதியைக் குலைக்கக்கூடிய தகராறுகளை, இரு தரப்பின் முன் சம்மதத்தோடு மூன்று சமரசர்கள் கொண்ட குழு பேசித் தீர்க்க முயலலாம் என்கிறது. ஊரில் மதிப்பும் நேர்மையும் உள்ளவர்களைக் குழுவில் சேர்க்கலாம் என்கிறது. பெண்கள், பிற பிரிவினர் ஆகியோரின் பிரதிநிதித்துவத்தைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. அந்த உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்புபோல் நிறைவேற்றக் கோர முடியாது என்றும் சொல்கிறது.

‘ஊரில் மதிப்புள்ளவர்’ என்ற சொல்லைப் பேராவூரணியிலிருந்து வாசியுங்கள். யாருக்கு ஊரில் மதிப்பு? 1816இலும் அவர்தான் கிராம முன்சீப். அந்தப் பட்டியலில் நம் தெருப் பெண் ஒருவரின் பெயர் இல்லையென்றால், பழைய திண்ணைக்குப் புதிய சட்டத்தின் பெயர்ப்பலகை மாட்டியதாகவே முடியும். பட்டியல் தயாராகும்போதே நாம் அங்கே இருக்க வேண்டும்.

காவல் நிலையத்து ‘சமாதானம்’

சட்டத்தில் இல்லாத, ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் சமரசம் ஒன்று உண்டு. அது காவல் நிலையத்தில் நடக்கிறது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கியபோது, பெண்கள் தயங்காமல் புகார் சொல்ல ஓர் இடம் கிடைத்தது. கூடவே, வழக்குப் பதியாமல் பேசி அனுப்பும் பழக்கமும் அங்கே வளர்ந்தது. சில வீடுகளில் அது உதவியிருக்கிறது. சில வீடுகளில் அடிப்பவனுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தது.

சாதி மறுப்புத் திருமணத்தில் அது உயிரையே எடுக்கும். 2024 சனவரி முதல் வாரத்தை மறக்க முடியாது. பட்டுக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தைச் சேர்ந்த 19 வயதுப் பெண், தலித் இளைஞர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டு திருப்பூர்ப் பக்கம் இருந்தார். பெற்றோர் தரப்புப் புகாரின் பேரில் பல்லடம் காவல்துறை விசாரித்து, அவரைப் பெற்றோர் தரப்புடன் அனுப்பி வைத்தது. ஒரு நாளுக்குள் ஊரில் கொல்லப்பட்டார், உடல் எரிக்கப்பட்டது. கொலை வழக்கில் அவருடைய பெற்றோர் கைது செய்யப்பட்டார்கள். பல்லடம் காவல் ஆய்வாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். நம் பேராவூரணிக்குப் பக்கத்திலுள்ள வட்டாத்திக்கோட்டை காவல் நிலையத்தில்தான் வழக்குப் பதிவானது.

வயது வந்த இருவர் செய்துகொண்ட திருமணம் ‘குடும்பப் பிரச்சினை’ ஆகாது. அதில் சமரசம் பேச எதுவும் இல்லை. இதைச் சட்டம் பலமுறை சொல்லியிருக்கிறது. 2011 ஏப்ரல் 19 அன்று ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்றது. தடுக்கத் தவறும் மாவட்ட அதிகாரிகள்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 2016இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. ராமசுப்பிரமணியன், உசிலம்பட்டிப் பகுதியில் இதேபோல் காவல்துறை தலையிட்ட பின் இறந்துபோன ஒரு பெண்ணின் வழக்கில், மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்க உத்தரவிட்டார். காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் மூவரும் அதில் இருக்க வேண்டும். 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்களின் திருமணத்தில் எந்தக் கூட்டமும் தலையிட முடியாது என்று மீண்டும் சொன்னது. இவ்வளவுக்கும் பிறகுதான் 2024இல் ஒரு பெண் ‘பேசி’ அனுப்பப்பட்டார். உத்தரவுகள் காகிதத்தில் இருக்க, காவல் நிலையத்துக்குள் பழைய திண்ணை அப்படியே இருந்தது.

புதுக்கோட்டைப் பெண்கள் செய்தது

வேறு வழி உண்டா? பேராவூரணிக்கு மேற்கே மாவட்ட எல்லையைத் தாண்டினால் புதுக்கோட்டை. அங்கே முஸ்லிம் பெண்கள் செய்த ஒரு வேலையை நாம் படிக்க வேண்டும். அவர்கள் எதிர்கொண்டதும் நம் பெண்கள் எதிர்கொண்டதும் ஒரே சிக்கல்தான்.

ஊர் ஜமாஅத்தில் ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து தலாக், வரதட்சணை, பிள்ளை யாரிடம் இருப்பது என்று முடிவு செய்தார்கள். யாருடைய வாழ்க்கையைப் பேசினார்களோ அந்தப் பெண்ணுக்கு உள்ளே போக அனுமதி இல்லை. புதுக்கோட்டையில் ‘ஸ்டெப்ஸ்’ என்ற பெண்கள் அமைப்பை நடத்திவந்த தாவூத் ஷரீபா கானமும் தோழிகளும் 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கினார்கள். பெண்களே கூடினார்கள், மனு வாங்கினார்கள், எதிர்த் தரப்பை அழைத்துக் கேட்டார்கள். உள்ளூர் ஜமாஅத்துக்குக் கடிதம் எழுதினார்கள், நேரில் போய்ப் பேசினார்கள். தேவைப்பட்டால் காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் போனார்கள். தீபா தன்ராஜ் 2011இல் இவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

குஜராத்தில் இன்னொரு பாடம். மத்திய அரசின் மகிளா சமாக்யா திட்டத்தில் திரண்ட ஏழைப் பெண்கள், 1995இல் வதோதரா மாவட்டத்தில் ‘நாரி அதாலத்’ தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் அதில் உட்கார்ந்து வழக்குக் கேட்டார்கள். கூடுவதற்கு அரசு அலுவலக வளாகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எந்தச் சாதிக்காரர் திண்ணையும் அல்லாத, எல்லோரும் நடந்து வரக்கூடிய பொது இடம் அது.

இரண்டு இடத்திலும் பெண்கள் பேச்சுவார்த்தையை மறுக்கவில்லை. உட்காரும் இடத்தை மாற்றினார்கள், உட்காரும் ஆளை மாற்றினார்கள், சட்டத்தின் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டார்கள். ‘ஒத்து வராவிட்டால் கோர்ட்டுக்குப் போவோம்’ என்று சொல்லும் பலம் பின்னால் இருந்ததால்தான் முன்னால் நடந்த பேச்சுக்கு மரியாதை கிடைத்தது.

நாம் கேட்க வேண்டியவை

இந்த வரலாற்றிலிருந்து களத்துக்கு எடுத்துப்போகச் சில கேள்விகள். உங்கள் தெருவில் யாராவது ‘பேசித் தீத்துக்கலாம்’ என்று சொன்னால் கேளுங்கள்.

உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து இருக்கிறதா? இருந்தால் பேச்சு அப்புறம், பாதுகாப்பு முதலில். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அலுவலரையும் 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் அணுகலாம். அந்தச் சட்டத்தின் விதிகளின்படி நடக்கும் ஆலோசனையில்கூட, அடித்ததற்கு நியாயம் கற்பிக்க எதிர்த் தரப்புக்கு இடமில்லை. ‘அவளும் எதிர்த்துப் பேசினாள்ல’ என்ற வாதத்தைச் சட்டமே அடைத்துவிட்டது.

இது உண்மையில் குடும்பத் தகராறா, சாதி வன்கொடுமையா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரவேண்டிய புகாரைக் ‘குடும்ப விஷயம்’ என்று பெயர் மாற்றுவது பழைய தந்திரம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீதாவது கையில் வாங்காமல் எழுந்து வரக் கூடாது.

எங்கே பேசுகிறார்கள்? ஊரான் வீட்டு வாசலில் நின்றுகொண்டு பேசுவதைச் சமரசம் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். பேச உட்காருகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர், நம்மவர்கள் எத்தனை பேர்? சம்பந்தப்பட்ட பெண் தன் வாயால், யாரும் பக்கத்தில் இல்லாமல், தனியாகப் பேச நேரம் கொடுத்தார்களா? ‘வேண்டாம்’ என்று சொன்னால் அவருக்கு வீடும் சோறும் இருக்கிறதா? எழுதிய தாளுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்று கையெழுத்துக்கு முன் யாராவது சொன்னார்களா?

சமூகவியல், சட்டம், சமூகப்பணி படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலையும் சொல்கிறேன். உங்கள் தெருவில் நாட்டாண்மை பார்த்த பெரியவர்களும் அந்தக் கூட்டங்களை ஓரத்தில் நின்று கேட்ட பாட்டிமார்களும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எப்படிப் பேசினார்கள், எப்படித் தீர்த்துவிட்டார்கள், எது அநியாயமாக முடிந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். கும்பாபேட்டையை எழுத வெளிநாட்டிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. பேராவூரணியை நாமே எழுதலாம்.

எழுதிய கையோடு நம் தெருப் பெண்கள் சிலர் சமரசர் பயிற்சியும் சட்டத் தன்னார்வலர் பயிற்சியும் பெறட்டும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு தன்னார்வலர்களைச் சேர்க்கும்போது விண்ணப்பம் போடுங்கள். பஞ்சாயத்து பேச அடுத்த முறை பாய் விரிக்கும்போது, அதில் முதலில் உட்காருகிறவர் அவர்களில் ஒருவராக இருக்கட்டும்.

ஜெய்பீம்.